சுல்லா மேட்டுப் பால்

இரண்டாவது புட்டியும் தோற்றுவிட்டது. தெக்லா திரையிலிருந்த எண்ணை மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அது பூஜ்யம் புள்ளி ஆறாகவே இருந்தது. ஒன்றுக்குக் கீழே போனால் அந்த ஆடு புல் மேயவில்லை, கொட்டகையில் நின்று மூட்டைத் தீவனம் தின்கிறது என்று அர்த்தம். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் லுசோரியோவின் பெயர் இருந்தது.

தீவின் மர்மில்லா மேடுகளில் செம்மறி வளர்க்கும் முப்பத்தொன்பது பேர் சேர்ந்து நடத்தும் பால் சங்கம் அது. போன குளிர்காலத்தில்தான் அவர்கள் தங்கள் சீஸில் 'மேய்ச்சல் பால்' என்று முத்திரை குத்தத் தொடங்கியிருந்தார்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். அது உண்மைதானா என்று பாலையே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் தெக்லாவின் வேலை.

பால் எப்படிப் பேசும் என்பதை அவள் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே விளக்கியிருந்தாள். பச்சைப் புல்லில் லினோலெனிக் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. ஆட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அந்தக் கொழுப்பு அவற்றுக்கு ஆகாது. அதனால் அதைப் படிப்படியாக உடைத்து வேறொன்றாக மாற்றுகின்றன. அப்படி மாற்றும்போது பாதி வேலையில் கொஞ்சம் நழுவி இரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. மடி தன் பங்குக்கு ஒரு வேலை செய்து அதைப் புதிய கொழுப்பாக்கிப் பாலில் விடுகிறது. ஆடு எவ்வளவு பசும்புல் தின்கிறதோ, அநேகமாக அவ்வளவு தூரம் இந்தப் புதிய கொழுப்பு கூடும். சோளமும் பிண்ணாக்கும் தின்றால் குறையும். இதற்கு ஒரு வாய் நிறையும் விஞ்ஞானப் பெயர் உண்டு. சங்கத்துக்காரர்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. 'பச்சை' என்று வைத்துவிட்டார்கள். காப்பிக் கடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "உன் பச்சை எவ்வளவுடா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

சங்கத் தலைவர் அந்தியோகோ உள்ளே வந்தார். எழுபது வயது. கதவைத் தட்டும் வழக்கம் அவரிடம் கிடையாது.

"என்ன வந்திருக்கு?"

"ஆறு, மாமா."

"புள்ளி ஆறா?"

"ஆமா."

அந்தியோகோ தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு தடவை விழுந்தா வெளியே. நீ எழுதின சட்டம். நான் கையெழுத்துப் போட்டேன்."

"பேரைப் பலகைலேர்ந்து அழிக்கறதுக்கு முந்தி நான் ஒரு தடவை போய்ப் பாக்கணும். அதுவும் சட்டத்துல இருக்கு."

"பாரு. நல்லாப் பாரு. ஆனா அடுத்த ஞாயிறு தாண்டி அதுக்கடுத்த ஞாயிறு பராதூரா வண்டி கிளம்புது. அவன் வாசல்ல அதை நிறுத்தறதா வேண்டாமான்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

மார்ச்சில் இடி விழுந்து பக்கத்து ஊர் பிசென்தேயின் எழுபது ஆடுகள் ஒரே ஓக் மரத்தடியில் செத்துக் கிடந்தன. மந்தை இழந்தவனுக்கு மற்றவர்கள் வீட்டுக்கு ஒரு ஆடு கொடுப்பதுதான் பராதூரா. கேட்டு வாங்குவதில்லை, யார் எதைக் கொடுத்தார் என்று எழுதி வைப்பதுமில்லை. வண்டி வாசலில் வந்து நிற்கும், ஆட்டை ஏற்றுவார்கள், போய்விடுவார்கள். வாங்கியவன் அதைத் திருப்பித் தர ஒரே வழிதான் உண்டு: அடுத்து எவனுக்காவது மந்தை போகும்போது தன் ஆட்டை ஏற்றுவது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜூலைத் தீயில் லுசோரியோவின் இருநூறு ஆடுகளும் எரிந்தன. இன்றைக்கு அவரிடம் இருக்கும் மந்தை முழுவதும் அந்த வண்டியில் வந்த ஆடுகளின் வயிற்றில் பிறந்தது. அதற்குப் பிறகு, பிசென்தேவுக்கு முன்னால், இந்தப் பக்கத்தில் எவருடைய மந்தையும் போகவில்லை. ஆறு வருஷமாக அந்த மனிதர் தன் முறைக்குக் காத்திருக்கிறார்.

"ஏமாத்தறவன் ஆட்டை பிசென்தே வாங்க மாட்டான். நானும் ஏத்த மாட்டேன்" என்றார் அந்தியோகோ.

*

அன்று மதியமே தெக்லா அவர் பண்ணைக்குப் போனாள். லுசோரியோ வாசலிலேயே நின்றிருந்தார். அவளுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. கொட்டகைக் கதவு, கிடங்குக் கதவு, வண்டிக் கொட்டில், எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்திருந்தார்.

"எண்ணும்மா. நான் வெளியே நிக்கறேன்."

"நீங்களும் வாங்க மாமா."

"வேண்டாம். கூட இருந்து எதையோ மறைச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்."

கிடங்கில் பதினோரு மூட்டை சோளம் இருந்தது. போன வாரம் தீவன லாரி இந்த வாசலில் நின்றதை ஊரில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். பின்னால் பட்டியில் இரண்டு பன்றிகள் கிடந்தன. இரண்டும் நல்ல கொழுப்பு.

"பன்னிக்கா மாமா?"

"பன்னிக்குத்தான். பால் கறக்கும்போது ஆட்டுக்குக் கையளவு பார்லி போடுவேன். எல்லாரும் போடறதுதான். அதுக்கு மேல ஒரு மணி போடல." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ நம்பலைன்னா எனக்கு வருத்தமில்லை. மெஷினுக்கு நாக்கு கிடையாது, பொய் சொல்லாதுன்னு அன்னைக்கு நானும்தான் கை தட்டினேன்."

பதினோரு மூட்டை பன்றிக்கும் ஆகும், ஆட்டுக்கும் ஆகும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இருவரும் மேட்டுக்கு ஏறினார்கள். மேடு முழுவதும் சுல்லா, ஆட்டுக்கென்று வளர்க்கும் தீவனச் செடி; மற்றவர்கள் ஒரு மூலையில் வைப்பதை இவர் மட்டும் மேடு முழுக்க வைத்திருந்தார். இடுப்பளவு உயரம், ஒவ்வொரு தண்டின் நுனியிலும் இரத்தச் சிவப்பாய்ப் பூக்கொத்து. அதற்குள் ஆடுகளின் முதுகு மட்டும் தெரிந்தது, மணிச் சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ரய்முந்தோவின் நிலம் மஞ்சளாய் எரிந்தது. மூன்று வருஷமாக உழவில்லை. காட்டுச்சாமந்தி தன்னிஷ்டத்துக்கு மண்டியிருந்தது. லுசோரியோ தன் மேட்டில் ஒரு சாமந்திச் செடியைப் பார்த்தாலும் குனிந்து பிடுங்கிவிட்டுத்தான் நகர்வார்.

வேலிக் கல்லின் மேல் ரய்முந்தோ உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது. பச்சை கூடியவரிலிருந்து வரிசையாகப் பெயர் எழுதும் சங்கப் பலகையில் முதல் பெயர் அவனுடையது. பச்சை, இரண்டு புள்ளி இரண்டு.

"என்ன தெக்லா, மலைக்காரர் கிடங்குல புதையல் கெடச்சுதா?"

முப்பது வருஷத்துக்கு முன் மலையிலிருந்து இறங்கி வந்து நிலம் வாங்கியவர் லுசோரியோ. இன்னும் அவர் மலைக்காரர்தான்.

"உன் காட்டுல களை எடுத்தா ஒரு டிராக்டர் புதையல் கெடைக்கும்டா" என்றார் லுசோரியோ.

"களைன்னு நீங்க சொல்றீங்க. என் ஆடு அதைத் தின்னுதான் பலகைல மொதல்ல நிக்குது. நான் தூங்கறேன், அது வேலை பாக்குது."

"அதுவாச்சும் பாக்குதே."

"ஆனா அண்ணே, நெசமா கேக்கறேன். இவ்வளவு செகப்பா பச்சையா வச்சுக்கிட்டு எதுக்கு சோளம் போட்டீங்க? ஆடு இதுக்குள்ள போனா உப்பிச் செத்துரும்னு பயமா?"

லுசோரியோ நின்றார். கோபத்தில் கழுத்து சிவந்தது. "சுல்லா தின்னு உப்பின ஆட்டை நீ எங்கடா பாத்த? குதிரைமசால்ல விட்டா உப்பும். ஈரத்தோட குளோவர்ல விட்டா உப்பும். சுல்லால முப்பது வருஷமா விடறேன். ஒண்ணு உப்பினதில்ல."

தெக்லா நடப்பதை நிறுத்தினாள்.

ஆட்டின் வயிறு ஏன் உப்புகிறது? இளம் பயறுச் செடிகளில் புரதம் அதிகம். வயிற்று நுண்ணுயிர்கள் அதன் மேல் ஒரேயடியாகப் பாய்கின்றன. காற்று கிளம்புகிறது. புரதம் நுரையாகி அந்தக் காற்றைச் சிறை பிடிக்கிறது. ஆட்டால் ஏப்பம் விட முடிவதில்லை. சுல்லாவும் பயறுக் குடும்பம்தான், புரதமும் அதற்குச் சமம்தான். பிறகு ஏன் உப்பவில்லை? உள்ளே எதுவோ அந்த நுண்ணுயிர்களின் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

குனிந்து ஒரு தண்டை ஒடித்து வாயில் போட்டு மென்றாள். முதலில் லேசாக இனித்தது. பிறகு நாக்கு வறண்டது. கன்னத்தின் உட்புறம் சுருங்கி இழுத்தது, பழுக்காத சீமை மாதுளையைக் கடித்தமாதிரி.

"துவர்க்குது" என்றாள்.

"துவர்க்கத்தான் செய்யும்" என்றான் ரய்முந்தோ. "உனக்கு மதியச் சாப்பாடு போடலையா அவரு?"

அவள் சிரிக்கவில்லை. துவர்ப்பு புரதத்தைப் பிடித்து இறுக்கும். தோலைப் பதப்படுத்துகிறவன் அதை வைத்துத்தான் பிழைக்கிறான். வயிற்றிலும் அதே வேலையைத்தான் செய்யும், புரதத்தையும் நுண்ணுயிர்களையும் அடக்கி வைக்கும். அப்படி அடங்கிக் கிடக்கும் நுண்ணுயிர்கள் புல்லின் கொழுப்பை மட்டும் ஓடியாடி உடைத்துக்கொண்டிருக்குமா? உடைக்காவிட்டால் பாதி வேலையில் நழுவுவதற்கு எதுவும் இருக்காது. மடிக்குப் போகாது. பச்சை வராது. ஆடு பகலெல்லாம் பசேலென்று தின்றாலும் வராது.

"மாமா, மேட்டுக் கதவை எப்ப தொறந்தீங்க?"

"எல்லாரும் தொறக்கிற அன்னைக்குத்தான். புனித மார்க்கோ நாள். ஏப்ரல் இருபத்தஞ்சு. அதுக்கு முந்தி சுல்லாவுல ஆட்டை விட்டா வேர் செத்துரும்னு தெரியாதா உனக்கு? நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே."

இந்த ஊர்ப் பெண்தான். அதுதான் பிரச்சினை. போன வருஷம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மேடு மேடாக அலைந்து, மேய்கிற மந்தைகளிலிருந்து நாற்பது புட்டி பால் சேகரித்தாள். அதை வைத்துத்தான் 'ஒன்று' என்ற எல்லையைக் கோடு போட்டாள். மார்க்கோ நாளுக்கு முன் சுல்லா மேட்டில் ஆடு இருக்காது என்பது பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரியும். அவ்வளவு நன்றாகத் தெரிந்ததால், அந்த நாற்பதில் ஒன்றுகூடச் சுல்லாப் பால் இல்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. தோற்ற இரண்டு புட்டியும் அந்த நாளுக்குப் பிறகு எடுத்தவை. வெளியூர்க்காரி ஒருத்தி வந்திருந்தால் வருஷம் முழுவதும் எடுத்திருப்பாள்.

*

மறுநாள் சங்க அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தியோகோவும் நிர்வாகக் குழுவினர் இருவரும் ஒரு பக்கம். லுசோரியோ எதிரே. ரய்முந்தோவை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து சுவரோரம் சாய்ந்துகொண்டான். தெக்லா லுசோரியோவின் பாலுக்குக் கருவி வரைந்து தந்த காகிதத்தை மேசையில் விரித்தாள். பாலின் கொழுப்பை ஆவியாக்கி, முடியளவு மெல்லிய நூறு மீட்டர்க் குழாய்க்குள் செலுத்துவதுதான் அந்தக் கருவியின் வேலை. ஒவ்வொரு கொழுப்பும் தன் தன் வேகத்தில் நடந்து மறுமுனையில் வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு கூம்பு எழும். பெரிய கூம்பென்றால் நிறைய.

"இதுதான் பச்சை. சின்னதா இருக்கு. நான் இதை மட்டும்தான் பாத்தேன்." அவள் விரல் இடப்பக்கம் நகர்ந்தது. "இதுக்கு முன்னாடி வந்த கூம்பைப் பாருங்க. லினோலெனிக். புல்லுல இருக்கிற அந்த மூலக் கொழுப்பே உடையாம பாலுக்கு வந்திருக்கு. கொட்டகை ஆட்டுல இது பேருக்குத்தான் இருக்கும். சோளத்துல இது ரொம்பக் கம்மி. இவருக்கு எல்லாரையும் விட மூணு பங்கு இருக்கு. அதே காகிதத்துலதான் இருந்துச்சு. நான் பாக்கல. தப்பு என்னுது."

அந்தியோகோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, உன்னை மதிக்கிறேன். ஆனா நேத்து வரைக்கும் ஒரு கூம்பு. இன்னைக்கு ஒருத்தர் மாட்டினதும் இன்னொரு கூம்பு. நாளைக்கு நான் மாட்டினா மூணாவது கூம்பு காட்டுவியா? வெளியில இருக்கிறவன் என்ன சொல்லுவான்? ஆளைப் பாத்து அளக்கறாங்கன்னுதானே."

அவர் சொன்னதில் தவறில்லை என்று தெக்லாவுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போது லுசோரியோ வாய் திறந்தார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"மந்தையை மாத்துங்க."

"என்னது?"

"என் ஆட்டை இவன் காட்டுல விடுங்க. இவன் ஆட்டை என் மேட்டுல விடுங்க. நான் என் ஆட்டுப் பக்கமே போக மாட்டேன். கிடங்கு சாவி, கொட்டகை சாவி, எல்லாம் இவன்கிட்ட. இவன்தான் கறக்கணும். இவன் ஆட்டை நான் கறக்கறேன். எண் ஆள் பின்னாடி போகுதா, நிலத்துப் பின்னாடி போகுதான்னு பாத்துருவோம்."

இந்தத் தீவில் ஒரு மனிதன் தன் மந்தையை இன்னொருவன் கையில் விடுவது சாதாரணமல்ல. ஆட்டின் காதில் அறுத்த அடையாளம் மாறியதற்காகக் கத்தி எடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்.

"ரய்முந்தோ, நீ என்ன சொல்ற?" என்றார் அந்தியோகோ.

"நான் எதுக்கு மாட்டிக்கணும்? என் எண் நல்லாத்தானே இருக்கு. என் ஆடு அந்தச் செகப்புல விழுந்து உப்பினா யாரு பொறுப்பு?"

லுசோரியோ திரும்பி அவனைப் பார்த்தார். "பலகைல நிக்கறது உன் பேரா, உன் களையோட பேரான்னு உனக்கே தெரிஞ்சுக்க ஆசை இல்லையா?"

ரய்முந்தோ சுவரிலிருந்து நகர்ந்து நிமிர்ந்தான். அந்த ஒரு வார்த்தை வேலை செய்துவிட்டது.

"எத்தனை நாள்?"

"எட்டு. வயிறு பழக அவ்வளவு போதும்" என்றாள் தெக்லா. "நாளைக்கு மாத்தினா அடுத்த வெள்ளிக்கிழமைப் பால். சனிக்கிழமை அளந்துரலாம்."

ஞாயிறு பராதூரா. அதை யாரும் சொல்லவில்லை. எல்லாரும் கணக்குப் போட்டார்கள்.

*

முதல் நாள் மாலை ரய்முந்தோ எண்ணெய்ப் புட்டியோடு வேலியோரம் நின்றான். உப்பினால் வாயில் ஊற்ற வேண்டும். சிவப்புப் பூவுக்குள் அவன் ஆடுகள் வெறி பிடித்தமாதிரி தின்றன. ஒவ்வொன்றின் இடப்பக்க வயிற்றையும் கண்ணாலேயே தடவினான். தெக்லா பக்கத்தில் நின்றாள். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு போயிற்று. ஓர் ஆடு படுத்தது. ரய்முந்தோ வேலியைத் தாண்டப் போனான். ஆடு நிதானமாக அசைபோட ஆரம்பித்தது.

"உப்பல" என்றான்.

"உப்பாது" என்றார் லுசோரியோ, ஐம்பதடி தள்ளி, திரும்பிப் பார்க்காமல்.

ரய்முந்தோ எண்ணெய்ப் புட்டியை மேல்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதேகாலுக்கு தெக்லாவின் கைபேசி அடித்தது. லுசோரியோவின் குரல் கனத்திருந்தது.

"என் மணி அசையல."

"என்ன மாமா?"

"என் ஆட்டு மணி. எனக்குத் தெரியும், ஒவ்வொண்ணும் எந்தச் சுதின்னு. ஆறு மணிக்குக் கறந்தாச்சு. இப்ப ஒம்பதேகால். இன்னும் அவன் கொட்டகைலதான் நிக்குது. அவன் உள்ளயே வச்சு என்னவோ போடறான் தெக்லா. என் கிடங்குச் சாவி அவன் கையில இருக்கு. பதினோரு மூட்டை இருக்கு. அவனுக்கு மொதல் இடம் போகக் கூடாது."

"நீங்க அங்க போயிராதீங்க. போனீங்கன்னா எல்லாம் முடிஞ்சுது."

"வேலிகிட்ட நிக்கறேன்."

"அங்கயே நில்லுங்க."

அவள் வண்டியை மண் பாதையில் ஓட்டிய வேகத்தில் பின்கண்ணாடி கழன்று தொங்கியது. அவளுக்கும் அதே பயம்தான். நாலு நாள் சோளம் போட்டால் போதும், பச்சை கீழே விழும். அப்புறம் லுசோரியோ ஏமாற்றுக்காரர் என்று அவளே, அவள் கருவியே நிரூபித்துவிடும். அதைத் திருப்பிச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ரய்முந்தோவின் கொட்டகை வாசலில் லுசோரியோவின் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. தொட்டிகளைப் பார்த்தாள். காலி. நக்கித் துடைத்த காலி. ஓடிப்போய் லுசோரியோவின் கிடங்கைத் திறக்கச் சொல்ல ஆளைத் தேடினாள். ரய்முந்தோ வீட்டுச் சமையலறையில் காலைக் காப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தான். காலில் செருப்புகூட இல்லை.

"ஆடு ஏன் உள்ள நிக்குது?"

"ஏன் நிக்குதா? மணி என்ன?"

"ஒம்பதரை."

"அதான். என் வீட்ல ஆடு பத்துக்குத்தான் கிளம்பும். பனி காயட்டும்னு எங்க அப்பா சொல்லுவாரு. பனி சாக்கு, நமக்குத் தூக்கம் வேணும்." அவள் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்தான். "ஏய். நீ என்ன நெனச்ச?"

அவள் கண் அவன் பக்கத்தில் கிடந்த சாவிக் கொத்துக்குப் போனது.

ரய்முந்தோ எழுந்தான். சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல், அவள் பக்கம், தள்ளினான். "போய் எண்ணு. பதினொண்ணும் இருக்கும். ரெண்டு நாளா அவர் பன்னி கத்திச்சு, ஒரு வாளி போட்டேன். அது எண்ணுல வராது." பிறகு வெளியே போய்க் கதவைத் திறந்தான். ஆடுகள் மஞ்சளுக்குள் பாய்ந்தன. மணிச் சத்தம் வேலி வரைக்கும் போயிருக்க வேண்டும். தூரத்தில் கல்லின் மேல் நின்றிருந்த உருவம் மெல்ல உட்கார்ந்தது.

மூட்டைகளை அவள் எண்ணினாள். பத்து கட்டியபடியே இருந்தன. ஒன்று மட்டும் வாய் பிரிந்து ஒரு வாளி குறைந்திருந்தது.

மறுநாளிலிருந்து ஏழரைக்கே மணிகள் கிளம்பின.

*

சனிக்கிழமை அந்தியோகோ இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்தார். பெயர்ச் சீட்டு இல்லை. ஒன்றில் நூலால் ஒரு முடிச்சு, இன்னொன்றில் இரண்டு முடிச்சு. எது யாருடையது என்று எழுதிய காகிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. தெக்லாதான் அப்படிச் செய்யச் சொன்னாள். தெரிந்தால் தன் கண்ணே தன்னை ஏமாற்றும் என்று அவளுக்குப் போன வாரம்தான் புரிந்திருந்தது.

ஒரு முடிச்சுப் புட்டி முதலில். ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். சின்ன அறை. ஆட்டு வாடையும் ஈரக் கம்பளி வாடையும் நிறைந்தன. திரையில் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. சின்னக் கூம்புகள், பெரிய கூம்புகள். யாரும் உட்காரவில்லை.

"இதுவா?" என்றார் அந்தியோகோ.

"இல்ல மாமா. இது வெண்ணெய்லயே இருக்கிறது. எல்லாப் பாலுலயும் வரும்."

நாற்பதாவது நிமிஷம் லினோலெனிக் வர வேண்டிய இடம். கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது. தெக்லா தன் பேனாவை இறுக்கிப் பிடித்தாள். சில நொடி கழித்துப் பச்சையின் இடம். குட்டிக் கூம்பு. பூஜ்யம் புள்ளி ஏழு.

"தோத்துருச்சு" என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். லுசோரியோ தரையைப் பார்த்தார். அவர் தொப்பி கைகளுக்கிடையில் சுருண்டு கிடந்தது.

இரண்டு முடிச்சுப் புட்டி. இன்னொரு மணி நேரம். லினோலெனிக் இந்தத் தடவை பாதி உயரத்தில் நின்றது. பிறகு கோடு ஒரு நொடி தட்டையாகப் போனது. பச்சை எழுந்தது. ஒன்றைத் தாண்டியது. ஒன்றரையைத் தாண்டி, ஒன்று புள்ளி ஒன்பதில் நின்றது.

"காகிதம்" என்றாள்.

அந்தியோகோ பைக்குள்ளிருந்து அதை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். கண்ணாடியைத் தேடினார், நெற்றியிலேயே இருந்தது, இறக்கினார்.

"ஒரு முடிச்சு... ரய்முந்தோ மந்தை. சுல்லா மேட்டுல மேஞ்சது." நிறுத்தினார். "ரெண்டு முடிச்சு, லுசோரியோ மந்தை."

முதலில் அசைந்தவன் ரய்முந்தோதான். திரைக்கருகே வந்து புள்ளி ஏழை விரலால் தொட்டான்.

"அப்ப எட்டு நாளா நானும் திருடன்."

"ஆமா" என்றார் லுசோரியோ.

"மொதல் இடத்துல இருந்து நேரா வெளியே. பரவால்ல, நடுவுல நிக்கறது எனக்குப் பிடிக்காது." அவன் தலையைச் சொறிந்தான். "என் களைக்குத்தான் பலகைல பேர் போட்டிருக்கணும் அண்ணே."

அந்தியோகோ சிரிக்கவில்லை. லுசோரியோவின் முன் போய் நின்றார். பிறகு தெக்லாவின் பக்கம் திரும்பி, "ரெண்டு கூம்பையும் சட்டத்துல எழுது. மே மாசத்துப் பாலையும் சேத்து மறுபடி கோடு போடு. எல்லாப் பூவுலயும் எடு" என்றார். வெளியே போய்விட்டார்.

*

ஞாயிறு காலை பராதூரா வண்டி எட்டு மணிக்கே கிளம்பிவிட்டது. தெக்லா லுசோரியோவின் பண்ணையில்தான் இருந்தாள், சுல்லாப் பால் புட்டி எடுக்க. மந்தைகள் நேற்று மாலையே அவரவர் நிலத்துக்குத் திரும்பியிருந்தன.

லுசோரியோ விடியலிலேயே ஓர் ஆட்டைத் தனியே பிடித்துக் கட்டியிருந்தார். மூன்றாம் ஈற்று, அகன்ற மடி, மந்தைக்கு முன்னால் போகிற ஆடு. அதன் கழுத்து மணியைக் கழற்றவில்லை.

"மணியோடயா மாமா? இதானே மத்ததையெல்லாம் நடத்திக்கிட்டுப் போகும்?"

"ஆமா. அவன் மந்தைல எல்லாம் புதுசு. ஒண்ணுக்கொண்ணு தெரியாது. ஒண்ணாவது வழி காட்டணும்."

கீழே சாலையில் வண்டியின் சத்தம் கேட்டது. வளைவு தாண்டி அது ஏறி வந்தது. பின்னால் இருபது முப்பது ஆடுகளின் தலைகள். ரய்முந்தோவின் வாசலில் நின்றது, ஒன்றை ஏற்றியது, மறுபடி கிளம்பியது. லுசோரியோ கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டார். வண்டி வாசலுக்கு வந்தது, வேகம் குறையவில்லை, தாண்டிப் போனது.

லுசோரியோ அசையவில்லை.

இருபதடி தள்ளி பிரேக் கிறீச்சிட்டது. வண்டி பின்னோக்கி வந்தது. அந்தியோகோ சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பிரேக் பிடிக்கல, கெழட்டு வண்டி. எங்கே உன் ஆடு?"

"இங்கே" என்றார் லுசோரியோ. ஆட்டைத் தூக்கித் தன் கையாலேயே ஏற்றினார். யாரும் நன்றி சொல்லவில்லை, அது வழக்கமில்லை. பின்கதவு மூடியது. வண்டி மேட்டைத் தாண்டி மறைந்த பிறகும் வெகுநேரம் அந்த ஒரு மணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லுசோரியோ அது தேயும் வரைக்கும் நின்று கேட்டார். பிறகு குனிந்து, வேலியோரம் முளைத்திருந்த ஒரு காட்டுச்சாமந்திச் செடியைப் பிடித்தார்.

பிடுங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, விட்டுவிட்டார்.